ஒரு கண்ணைப் புடிச்சா போதும்

இந்தாண்ட தள்ளி உக்காரு கண்ணு, அந்தப் பை மேல கால் பட்டுடப் போவுது. உள்ள மைக்கு இருக்குது. ஆமா, மைக்கு தான், கார்ட்லெஸ் மைக்கு. தபேலா, கீபோர்டு, குழா ஸ்பீக்கர் எல்லாத்தையும் வேன்ல ஏத்தி அனுப்பிட்டேன். இதை மட்டும் யார் கையிலயும் குடுக்க மாட்டேன். எங் கூடவே தான் வரும்.

சேத்துப்பட்டுக்கா போற? நானும் அங்க தான். செஞ்சியில இருந்து ஒரு மணி நேரம் உருட்டுவான் இந்த வண்டிக்காரன். நல்லதாப் போச்சு. நீ இன்னா படிக்கிற? நர்சிங்கா? ஹாஸ்டலா? அப்ப உனக்கு போனு நல்லா தெரியும். எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணு. இந்தா, இதுல ஒரு வீடியோ இருக்குது. அதை எடுத்துடணும். போன்ல இருந்து மட்டும் இல்ல, எங்க குழு பேர்ல ஒரு சேனல் இருக்குது, அதுல இருந்தே எடுத்துடணும். இனிமே ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாது. பண்ணிடுவியா?

தோ, இது தான். அமுக்காத, அமுக்காத! சத்தம் வரும். நான் சொல்றேன், அப்பால எடு.

ஏன்னு கேக்கறியா. கேக்கத்தான் செய்வ. எம் மருமவன் லோகுவும் கேட்டான். எங்க செட்டுல அவன் தான் கீபோர்டு, சேனலைத் தொறந்து இதை ஏத்தினவனும் அவன் தான். "மூணு லட்சம் பேரு பாத்திருக்காங்க அத்தே, எடுக்கச் சொல்றீங்களே, புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"ன்னான். அவன் கிட்ட சொல்ல முடியல. அதனால தான் வேன்ல ஏறினா தலை சுத்துதுன்னு சொல்லிட்டு பஸ்ஸுல வந்தேன். உன் கிட்ட சொல்றதுக்கு இன்னா? நீ எறங்கிப் போயிடுவ. நாம ரெண்டு பேரும் இனிமே பாத்துக்கப் போறதில்ல.

எம் பேரு பூங்காவனம். ஒப்பாரி பாடறவ. தோ, எல்லாரும் இப்படித்தான், சொன்னதும் ஒரு விரக்கடை தள்ளி உக்காருவாங்க. பரவால்ல. உங்க ஊர்ல யாராவது தவறிட்டா எங்களைத் தான கூப்புடுவீங்க? பொணம் எடுக்கற வரைக்கும் பந்தல்ல நின்னு பாடணும். செத்தவங்களைப் பத்தி நாலு சேதி கேட்டு வாங்கி, அங்கயே வரி கட்டணும். வந்த சனத்தை அழ வைக்கணும். அதான் வேலை. நீ ஆயிரம் ராகம் போடு, எவளும் அழலன்னா அடுத்த சாவுக்கு வேற செட்டைக் கூப்புட்டுக்குவாங்க.

இருபத்திரெண்டு வருஷமா பாடறேன். எங்குரல் ஒண்ணும் பெரிய குரல் இல்ல, உள்ளதைச் சொல்லிடறேன். மேல்மலையனூர் பக்கம் ஒருத்தி இருக்கா, அவ குரலுக்கு முன்னாடி நான் நிக்க முடியாது. ஆனா அவ எங்க பாத்துப் பாடுவா தெரியுமா? மேல, ஷாமியானா துணியைப் பாத்து. இல்லன்னா கண்ணை மூடிக்குவா. அவ பாட்டுக்கு பாடிக்கினு இருப்பா, சனம் அது பாட்டுக்கு போனை நோண்டிக்கினு இருக்கும். நான் அப்படி இல்ல. எனக்கு ஒரு கண்ணைப் புடிச்சா போதும்.

எப்படின்னா, போனதும் ஒரு சுத்து பாப்பேன். பொண்டாட்டிக்காரியைப் பாக்க மாட்டேன், அவ ராத்திரியே அழுது ஓஞ்சிருப்பா. மருமவளுங்களைப் பாக்க மாட்டேன், அதுங்களுக்கு வந்தவங்களுக்கெல்லாம் காப்பி குடுக்கற கவலை. குடிச்சிட்டு மாரடிச்சிக்குவானே ஒருத்தன், அவன் பக்கமே திரும்ப மாட்டேன். எங்கயாவது ஓரமா ஒருத்தி நிப்பா, முந்தானையை வாயில அடைச்சிக்கினு. யார் கிட்டயும் பேச மாட்டா. அழுதுடக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சிக்கினு நிப்பா. அவ தான் நமக்கு வேணும். அவ கண்ணைப் புடிச்சி, விடாம, அவளுக்கு மட்டும் சொல்ற மாதிரி ரெண்டு வரி. அவ ஒடைஞ்சா பக்கத்துல இருக்கறவ ஒடைவா, அவளைப் பாத்து அடுத்தவ. அப்பால பந்தல் பூரா நம்ம கையில.

இதுல தப்பு இன்னா சொல்லு? அழத்தான வர்றாங்க? அழுதுட்டுப் போனா நெஞ்சு லேசாயிடும். எத்தினி பேரு எங் கையைப் புடிச்சிக்கினு, "நீ பாடினப்பறம் தான் யக்கா எனக்கு மூச்சே வந்துச்சு"ன்னு சொல்லியிருக்காங்க. நான் நல்லது தான் பண்ணிக்கினு இருந்தேன். இப்பவும் சொல்லுவேன்.

சித்திரை மாசம். ஏகாம்பரம்னு ஒரு ஆளு, போர் வண்டி வச்சிருந்தவரு. தெரியுமில்ல, ஊரூரா போயி போர்வெல் போடற வண்டி. பெரிய கை. அறுபது வயசு இருக்கும், நெஞ்சு வலின்னு உக்காந்தவரு எழுந்துக்கல. பந்தல்ல அம்மாம் கூட்டம். மாலை போட எடமில்லாம ஐஸ் பொட்டி மேல குவிஞ்சி கெடக்குது. நாலு மணிக்கு எடுக்கறாங்க. மணி ரெண்டு ஆயிடுச்சு, ஒரு பொம்பளை கண்ணுலயும் சொட்டுத் தண்ணி இல்ல.

பொண்டாட்டிக்காரி தலைமாட்டுல உக்காந்திருக்கா, கல்லு மாதிரி. வாயைத் தொறந்தா, "ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கா பாரு", "பொட்டிக்குக் கரண்டு போயிடப் போவுது". அவ்ளோ தான். புள்ளைங்க ரெண்டு பேரும் கரை வேட்டிக்காரங்களை வரவேத்துக்கினு வாசல்லயே நிக்கறானுங்க. நான் பாடறேன், பாடறேன், தொண்டை கிழியுது. அப்ப ஒரு ஆளு, செத்தவருக்குப் பங்காளியாம், வெத்தலையைக் குதப்பிக்கினு வந்து சொல்றான், "இன்னாம்மா, கல்யாணக் கச்சேரிக்கா வந்த? மேல்மலையனூர்க்காரியையே கூப்புட்டிருக்கலாம் போல."

எனக்கு உச்சந்தலையில இடி விழுந்த மாதிரி ஆயிடுச்சு. ரோஷம் வருமா வராதா? நீயே சொல்லு. அவன் மட்டும் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா இது ஒண்ணுமே நடந்திருக்காது. அவனைத் தான் சொல்லணும்.

சரின்னு கண்ணைச் சுத்த விட்டேன். பந்தலோட கடைசியில, தண்ணி ட்ரம்மு வச்சிருந்த எடத்துல, ஒருத்தி நின்னா. நாப்பது வயசு இருக்கும். கையில ஒரு பை. மாலை இல்ல. சாவு வூட்டுக்கு வந்தவங்க இன்னா பண்ணுவாங்க? செருப்பைக் கழட்டுவாங்க, மொகத்தைப் பாப்பாங்க, பொண்டாட்டிக்காரியைக் கட்டிக்கினு ரெண்டு சொட்டு விடுவாங்க. இவ வந்து முக்கா மணி நேரம் ஆச்சு, கிட்டயே வரல. செருப்பைக் கூட கழட்டல. கழுத்தை மட்டும் நீட்டி நீட்டி, கூட்டத்துல சந்து கெடைக்குதா, பொட்டிக்குள்ள மொகம் தெரியுதான்னு பாத்துக்கினு இருக்கா. முந்தானை வாயில.

அடிச்சதுடி யோகம்னு நெனைச்சேன்.

புடிச்சேன் அவ கண்ணை. புடிச்சிக்கினு போட்டேன்:

ஊரூரா கொழா எறக்கி ஊத்து பாத்த ராசாவே
எங் கண்ணுல ஊத்து வெட்டி எங்க போயி படுத்தீங்க

அவ கண்ணு நெறைஞ்சிடுச்சு. பக்கத்துல நின்ன கெழவி மூக்கை உறிஞ்சினா. ஆகா, புடிச்சிக்கிச்சுன்னு தெரிஞ்சி போச்சு எனக்கு. இது மவ பாட்டா, தங்கச்சி பாட்டான்னு தான் யோசிச்சேன். ஒறவுக்கு ஒரு பாட்டு இருக்குது கண்ணு. மவளுக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு, பொண்டாட்டிக்கு ஒண்ணு. அவ யாருன்னு எனக்குத் தெரியாது. சும்மா பொண்டாட்டி பாட்டை எடுத்தேன்:

வெளியூரு போன ராசா வெள்ளியில வருவீங்கன்னு
வெளக்கேத்தி வச்ச வூட்டுல வெளிச்சமே போயிடுச்சே

வெளியூருன்னு ஆரம்பிச்சா அடுத்தது வெள்ளின்னு தான வாயில வரும்? எத்தினி சாவுல பாடின வரி அது! வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது.

அந்த வரி வந்ததும் அவ ட்ரம்மைப் புடிச்சிக்கினா. நாலஞ்சி பொம்பளைங்க ஓன்னு ஆரம்பிச்சிட்டாங்க. அந்தப் பங்காளி வெத்தலையை மெல்றதை நிறுத்திட்டு வாயைப் பொளந்துக்கினு நிக்கறான். நான் பாடிக்கினே அவ கிட்ட நடந்தேன். கார்ட்லெஸ் மைக்கு இல்லியா, எங்க வேணா போவலாம். கூட்டம் தன்னால வழி விட்டுது. நான் யாரைப் பாக்கறேனோ அவளைத் தான மொத்த சனமும் பாக்கும்? பாத்துது.

அவ தலையை ஆட்டினா, கண்ணு. இப்படி, இப்படி. வேணாம், வேணாம்னு. வாயால சொல்லல. அந்தக் கண்ணு எங் கிட்ட கெஞ்சிச்சு.

நான் இதுவரைக்கும் யார் கிட்டயும் சொல்லாததைச் சொல்றேன். அப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. மவளும் இல்ல, தங்கச்சியும் இல்ல, யாருன்னு அந்த எடத்துலயே தெரிஞ்சிடுச்சு. இருபத்திரெண்டு வருஷமா கண்ணைப் பாத்தே பொழைக்கறவளுக்கு இது கூடவா தெரியாது? அப்ப நான் கண்ணை எடுத்திருக்கணும். கெழவி பக்கம் திருப்பியிருக்கணும். அவ அப்படியே ரோட்டுக்குப் போயி பஸ்ஸு ஏறியிருப்பா. நான் எடுக்கல. பந்தல் பூரா அழுதுக்கினு இருக்குது, அந்த நேரத்துல எப்படி எடுக்கறது? அதே வரியை இன்னொரு வாட்டி போட்டேன். போட்டுட்டு மைக்கை அவ வாய் கிட்ட நீட்டினேன்.

"என்னங்க..."

அவ்ளோ தான் சொன்னா. "என்னங்க... என்னங்க..."

நாலு குழா ஸ்பீக்கர். தெரு கோடி வரைக்கும் போவுது. நீ கல்யாணம் ஆவாத புள்ளை, இருந்தாலும் உனக்குத் தெரியும். எந்தப் பொம்பளையும் அடுத்தவ புருஷனை அப்படிக் கூப்புட மாட்டா. அதுவும் அந்தக் குரல்ல. உள்ள சமையல் ரூமுல இருந்து, சாப்பாடு ஆறிப்போவுது வாங்கன்னு தெனம் கூப்புடற குரல்.

தபேலாக்காரன் கை நின்னு போச்சு. அவ்ளோ பெரிய பந்தல்ல ஜெனரேட்டர் சத்தம் மட்டும் தான். காலையில இருந்து எழுந்துக்காத பொண்டாட்டிக்காரி எழுந்தா. அவளைப் பாத்து ஒரே வார்த்தை தான் கேட்டா. "வெள்ளிக்கெழமையா?"ன்னா.

அப்பால நடந்ததை நான் சொல்ல மாட்டேன். புள்ளைங்க ஓடியாந்தானுங்க. பங்காளி ஓடியாந்தான். தள்ளிக்கினு போனானுங்க. அவ திரும்பித் திரும்பி பொட்டியைத் தான் பாத்தா. ஒரு வாட்டி மொகத்தைப் பாத்துட்டுப் போயிடறேன்னு சொன்னா, அது எங் காதுல விழுந்துச்சு. விடல. ஒத்தைச் செருப்பு அந்த ட்ரம்மு கிட்டயே கெடந்துச்சு, சாயங்காலம் வரைக்கும்.

ஆனா ஒண்ணு, அதுக்கப்பறம் அந்த வூட்டுல அழுத அழுகை இருக்கே! பொண்டாட்டிக்காரி மண்ணுல உருண்டா. எடுக்கற வரைக்கும் சனம் ஓயல. பங்காளி வந்து எங் கையைப் புடிச்சிக்கினு, "நீ பெரிய ஆளும்மா"ன்னான். எனக்கு... இன்னா சொல்றது, எனக்கு நல்லா தான் இருந்துச்சு.

வீடியோவா? அது லோகு பண்ணது. ஸ்டாண்டுல போனை மாட்டி எல்லா சாவையும் எடுப்பான். தள்ளிக்கினு போன எடத்தை வெட்டிட்டான், நல்ல மனசு தான் அவனுக்கு. "என்னங்க"ன்ற எடத்தோட முடியும். கீழ எங்க குழு பேரு, போன் நம்பரு. நான் சொன்னேன், "வேணாம் லோகு, பாவம்டா"ன்னு. சொன்னேன்னு நெனைக்கறேன். போனு எல்லாம் எனக்கு இன்னா தெரியும்? அவன் ஏத்திட்டான்.

தெனம் ராத்திரி சாப்புட்டுட்டு ஒரு வாட்டி போட்டுப் பாப்பேன். சும்மா தான். அதுல எம் மொகம் நல்லா விழுந்திருக்குது.

ஒரு நாள் போனு வந்துச்சு. பொம்பளைக் குரல். "ஒப்பாரி பாடறவங்களா? எங்க வூட்டுக்கு வரணும்"னு. "யாரும்மா தவறிட்டாங்க?"ன்னு கேட்டேன். "வா, சொல்றேன். செட்டு வேணாம், நீ மட்டும் வா"ன்னா. வயசானவங்க யாராவது இழுத்துக்கினு இருப்பாங்க, முன்கூட்டியே பேசி வைக்கறாங்கன்னு நெனைச்சிப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு தையல் கடை, அதுக்கு உள்பக்கமே வூடு. பந்தல் இல்ல, சனம் இல்ல. மெஷின் முன்னாடி அவ உக்காந்திருக்கா. கழுத்துல ஒண்ணும் இல்ல.

கத்துவா, செருப்பால அடிப்பான்னு நெனைச்சேன். அடிச்சிருந்தா கூட தேவலாம். "உக்காரு, தண்ணி குடிக்கிறியா?"ன்னு கேட்டா. சொம்புல குடுத்தா. அப்பால கேட்டா, "அவ்ளோ பேர்ல எங் கண்ணை மட்டும் எப்படித் தெரிஞ்சிது உனக்கு?"

சொன்னேன். ஓரமா நிக்கறவளைத் தான் பாப்பேன்னு தொழிலைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நாறுது.

அவ கேட்டுக்கினே சட்டைக்குக் காஜா எடுத்துக்கினு இருந்தா. "இருபது வருஷம் ஒருத்தர் கண்ணுலயும் படாம இருந்தேன்"னா. "எங் கண்ணு அவர் பொண்டாட்டி மேல பட்டுடக் கூடாதுன்னு அந்த ஊரு பக்கமே போனதில்ல. அன்னைக்கும் மொகத்தைப் பாத்துட்டு நாலு மணி வந்தவாசி பஸ்ஸைப் புடிச்சிடலாம்னு தான் வந்தேன்"னா.

ஐயய்யோ. ஊர் பேரைச் சொல்லிட்டனா? சொல்லக் கூடாதுன்னு தான் இருந்தேன். நீ அந்தப் பக்கம் இல்லியே? காதுல வாங்காத. மறந்துடு.

அவளுக்கு ஒரு பொண்ணு இருக்குது. நர்சிங் இல்ல, வேற ஏதோ காலேஜு, ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குது. அப்பாவுக்கு வடக்க வேலை, வாரத்துல ஒரு நாள், வெள்ளிக்கெழமை தான் வருவாருன்னு சொல்லி வளத்திருக்கா. அந்தப் பொண்ணு வீடியோவைப் பாத்துட்டு அம்மா கூடப் பேசறதை வுட்டுடுச்சாம். "அவ கூடப் படிக்கற புள்ளைங்க இன்னும் பாக்கல"ன்னா. "அதுங்க பாக்கறதுக்குள்ள எடுத்துடு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு. நீ வந்து பாடவும் வேணாம்"னா.

"இன்னைக்கே எடுத்துடறேன் தாயி"ன்னேன்.

"தரையைப் பாத்துச் சொல்றியே. எங் கண்ணைப் பாத்துச் சொல்லு"ன்னா.

நிமிந்தேன். முடியல கண்ணு. அவ கண்ணுல ஒரு சொட்டு இல்ல, காஞ்சி போயி கெடக்குது. எத்தினி ஆயிரம் பேரைப் பாத்திருக்கேன்! அந்த ரெண்டு கண்ணைப் பாக்க முடியல. மெஷினைப் பாத்து, "எடுத்துடறேன்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

எப்பவா? அவ வூட்டுக்கு எப்ப போனேன்னு கேக்கறியா?

ஆடி மாசம்.

ஆமா. இது பொரட்டாசி. தெரியுது. எண்ணத் தெரியாதவளா நானு? ரெண்டு மாசம் ஆவுது.

எனக்கு போனு தெரியாதுன்னு சொன்னேனே. தெனம் போட்டுப் பாக்கத் தெரியுது, எடுக்க மட்டும் தெரியலியான்னு கேளு. கேக்காம எம் மூஞ்சியைப் பாக்கறியே, அதுக்கு நாலு வார்த்தை திட்டிடலாம். நாளைக்கு எடுக்கலாம், ஆடி போவட்டும், அமாவாசை போவட்டும்னு தள்ளிக்கினே வந்தேன். அந்த வீடியோவைப் பாத்துட்டுத் தான கூப்புடறாங்க? வேலூர்ல இருந்து கூப்புடறாங்க, கிருஷ்ணகிரியில இருந்து கூப்புடறாங்க. மேல்மலையனூர்க்காரியைச் சீந்துவாரில்ல.

இன்னொண்ணும் இருக்குது. அதையும் சொல்லிடறேன், மூட்டையை அவுத்தப்பறம் எதை மறைக்கறது. கூப்புடறவங்க எல்லாம், "அந்த 'என்னங்க' பாட்டு பாடற அம்மாவா?"ன்னு தான் கேக்கறாங்க. மொதல்ல வேணாம்னு தான் இருந்தேன். அப்பால ஒரு சாவுல சும்மா பாடிப் பாத்தேன். வெள்ளி வரியைப் போட்டுட்டு, ஒரு மூச்சு நிறுத்தி, அவ சொன்ன மாதிரியே, "என்னங்க... என்னங்க..." அதே குரல்ல. பந்தல் அப்படியே சரிஞ்சிது. இப்ப எல்லா சாவுலயும் பாடறேன். இன்னைக்கு சேத்துப்பட்டுல கூட அதைக் கேட்டுத் தான் கூப்புட்டாங்க. இருபது வருஷம் அவ மறைச்சி மறைச்சி அவரை மட்டும் கூப்புட்ட வார்த்தை அது. நான் அதை எவன் எவன் சாவுலயோ மைக்குல வச்சி வித்துக்கினு இருக்கேன்.

காலையில அவ போன் பண்ணா. வேன் கெளம்பற நேரம். நான் ஹலோன்னதும், "பாத்துட்டாங்க"ன்னா. அந்தப் பொண்ணு கூட படிக்கறதுங்க. ஹாஸ்டல்ல அது நடந்து போனா, பின்னாடி நின்னுக்கினு "என்னங்க, என்னங்க"ன்னு கூப்புடுதுங்களாம். பொண்ணு பொட்டியைத் தூக்கிக்கினு வூட்டுக்கு வந்துடுச்சாம். நேத்துல இருந்து உள்ள தாழ்ப்பாளைப் போட்டுக்கினு இருக்குதாம், பச்சைத் தண்ணி குடிக்கலியாம். "கதவு கிட்ட உக்காந்திருக்கேன்"னா. "மூச்சு விடற சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கினு உக்காந்திருக்கேன்"னா. என்னை ஒரு வார்த்தை சொல்லல. வச்சிட்டா.

அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா நான் எந்த ஆத்துல போயி முழுவறது, சொல்லு.

இன்னா கண்ணு, தலையைக் குனிஞ்சிக்கின? இங்க பாரு. என்னைப் பாரு.

நீ இதைப் பாத்திருக்க.

இல்லன்னு சொல்லாத, எனக்குக் கண்ணு தெரியும். உங்க ஹாஸ்டல்லயும் பாத்திருக்கீங்க. சிரிச்சீங்களா, அழுதீங்களா? சரி, வுடு. உன்னை எதுக்கு நான் கேக்கறேன். சிரிச்சாலும் என்னால தான், அழுதாலும் என்னால தான்.

இந்தா, எடுத்துடு. லோகு குதிப்பான், குதிக்கட்டும். எங்க அமுக்கணும்? மூணு புள்ளி இருக்குதே, அதுவா? "நீக்கவா"ன்னு கேக்குதா? ஆமான்னு சொல்லு. அமுக்கு.

இரு. இரு கண்ணு, ஒரு நிமிஷம்.

ஒரே ஒரு வாட்டி பாத்துக்கறேனே. எடுத்துட்டா அப்பறம் எங்க போயி பாக்கப் போறேன்? இருபத்திரெண்டு வருஷத்துல நான் அப்படிப் பாடினதே இல்ல. இனிமே வரவும் வராது எனக்கு, தெரியும். பூரா வேணாம், கடைசி கொஞ்சம் மட்டும். போடு. போட்டுட்டு எடுத்துடலாம்.

ஐயோ, சத்தம்! சத்தத்தைக் குறை! எங்க இருக்குது இதுல, நான் தான் பெருசா வச்சி வச்சிக் கேப்பேன், குறை கண்ணு, பஸ்ஸு பூரா கேக்குது!

கேட்டுடுச்சு. எல்லாம் திரும்பிப் பாக்குது. கண்டக்டர் பாக்கறான். டிரைவர் கூட கண்ணாடியில பாக்கறான்.

தோ, அங்க பாரேன். மூணாவது சீட்டுல, பச்சைப் புடவை. முந்தானையை வாயில வச்சிக்கினா. கண்ணு தளும்பிடுச்சு அவளுக்கு. யாரு செத்ததுன்னு தெரியாது, யாரு கூப்புட்டதுன்னு தெரியாது, கொரலு ஒண்ணு தான் கேட்டுது, எப்படி நிக்குது பாரு தண்ணி. என்னையே பாக்கறா. இன்னும் ஒரே ஒரு வரி போட்டா போதும், அப்படியே...

சீ. நானும் ஒரு பொம்பளையா?

எடுத்துடு கண்ணு. இப்பவே எடு. நான் இந்தாண்ட ஜன்னலைப் பாத்துக்கினு உக்காந்திருக்கேன். நடுவுல நான் இன்னா சொன்னாலும் கேக்காத, கெஞ்சினாலும் கேக்காத. எங் கண்ணை மட்டும் பாத்துடாத.